பதினான்கு கடைகளுக்கு எத்தனை சர்வர் வேண்டும்?

குடந்தைக் கணக்கர் எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தில் தலைமையிடம் வைத்திருக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில் தலைமைக் கணக்காளராக இருக்கிறேன். ஜவுளி, பாத்திரம், பலசரக்கு அங்காடி என மூன்று வகை வியாபாரம். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் பதினான்கு கடைகள். பில் போடும் கவுன்ட்டர்கள் எல்லாம் சேர்த்து 160. சாதாரண நாளில் சுமார் 15,000 பில். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் நாளொன்றுக்கு 50,000 வரை போகும்.

இப்போது ஒவ்வொரு கடையும் தனித்தனி மென்பொருளில் ஓடுகிறது. இரவில் கடை அடைத்த பிறகு ஒரு கோப்பு தலைமை அலுவலகத்துக்கு வரும். வராத நாளில் நான் தொலைபேசியில் மன்றாட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர முதலாளி முடிவு செய்துவிட்டார். வந்திருக்கும் விலைப்புள்ளியில் இரண்டு ரேக் (சர்வர்களை அடுக்கும் இரும்பு அலமாரி), ஆறு சர்வர் (எல்லாக் கவுன்ட்டர்களுக்கும் வேலை செய்யும் மையக் கணினி), ஒரு பெரிய சேமிப்புப் பெட்டி, தனிக் குளிரூட்டி எல்லாம் இருக்கின்றன. 1 கோடியே 40 லட்சம். மென்பொருள் தனி. "வால்மார்ட் இப்படித்தான் செய்கிறது" என்று விற்க வந்தவர் இரண்டு முறை சொன்னார்.

முதலாளி பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். அவருடைய மருமகன் இது போதாது என்கிறார். இருவருமே எந்தக் கணக்கை வைத்துப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. உண்மையில் எவ்வளவுதான் வேண்டும்?


தரவுத்தச்சன் எழுதியது:

நான் திருவாரூர்க்காரன் சார்; சென்னையில் டேட்டாபேஸ் (கணக்குகளைச் சேமித்துத் தேடித்தரும் மென்பொருள்) பராமரிக்கும் வேலை. பெட்டிகளை விட்டுவிட்டுப் பில்லிலிருந்து கணக்கைத் தொடங்குவோம்.

160 கவுன்ட்டரும் ஒரு நொடி ஓயாமல், இரண்டு நிமிடத்துக்கு ஒரு பில் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 80 பில். பில்லுக்குப் பத்துப் பொருள், பொருளுக்கு ஒரு பதிவு வரி என்றால் 800 வரி. நொடிக்கு 13 வரி. அவ்வளவுதான் உங்கள் தீபாவளி. நல்ல எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போட்ட ஒரே ஒரு நடுத்தர சர்வர் நொடிக்கு ஆயிரக்கணக்கான வரிகளை எழுதும்.

இணையத்தில் விற்பவருக்குத் திடீரென்று லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்து விழுவார்கள். கடைக்கு அந்தப் பயம் கிடையாது. மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் மதகின் அகலத்துக்கு மேல் வாய்க்காலில் தண்ணீர் வராது. உங்களுக்குக் கவுன்ட்டர்தான் மதகு. கூட்டம் பெரிய கடைவீதியை அடைத்துக்கொண்டு நின்றாலும் கணினிக்கு வந்துசேரும் சுமை 160 பேரின் கைவேகத்தைத் தாண்டாது.

இனிச் சேமிப்பு. ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 18,000 பில், பில்லுக்கு எட்டு வரி, 360 நாள்: ஏறத்தாழ 5 கோடியே 20 லட்சம் வரிகள். தேடுவதற்கான அட்டவணைகளையும் சேர்த்து வரிக்கு 300 பைட் கொடுங்கள். வருடத்துக்கு 16 ஜிபி. எட்டு வருடக் கணக்கு முழுவதும் 128 ஜிபி. என் கைப்பேசியிலேயே அதைவிட அதிக இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டண டேட்டாபேஸ்கள் பலவற்றுக்கு உரிமம் கோர் (சில்லுக்குள் கணக்கிடும் பகுதி) எண்ணிக்கையில் விற்கப்படுகிறது. தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்கினால் இரும்புக்கு ஒருமுறை, உரிமத்துக்கு இன்னொரு முறை என இரண்டு தடவை பணம் போகும்.


வான்வழி எழுதியது:

ஒரே ஒரு சர்வர் போதும் என்றால் அந்த ஒன்றும் எதற்கு? எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையம் வழியாகப் பிறருடைய தரவு மையத்தில் வையுங்கள். அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் தரவு மையங்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையிலேயே 2015 முதல் இருக்கிறது. கவுன்ட்டரில் ஒரு பிரவுசர் இருந்தால் முடிந்தது கதை.

கும்பகோணத்தில் ரேக் வைத்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் படித்து முடித்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். பயிற்சி கொடுத்த ஆள் ஒரு வருடத்தில் போய்விட்டால், நள்ளிரவில் ரேக்கில் எரியும் சிவப்பு விளக்குக்கு யார் பதில் சொல்வது?


வெண்ணாற்றங்கரை எழுதியது:

தஞ்சாவூரில் யுபிஎஸ், கேபிள், கேமரா வேலை செய்கிறேன். மேலே எழுதிய தம்பி கஜா புயலை மறந்துவிட்டார் போலிருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என வரிசையாக மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டைப் பக்கம் பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. கைப்பேசிக் கோபுரங்களும் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்ததும் ஊமையாகிவிட்டன. அந்த நாட்களில் சனங்களுக்கு வேண்டியிருந்தது மெழுகுவத்தி, அரிசி, தார்ப்பாய், கொசுவத்தி. கடை திறந்திருந்தால் போதும், ரொக்கம் கொடுத்து வாங்கிப்போகத் தயாராக இருந்தார்கள். மும்பையில் இருக்கும் சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். பட்டுக்கோட்டைக் கவுன்ட்டரில் பில் போட்டிருக்க முடியுமா?

புயலை விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்குவது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. பிரதான கட்டடத்திலிருந்து எதிர்ப்புறக் கிடங்குக்குச் செம்புக் கேபிளில் நெட்வொர்க் இழுத்திருப்பார்கள். ஒரு பக்கம் இடி தாக்கினால் மறுபக்கத்துக் கருவிகளும் சேர்ந்து போகும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் எந்த இணைப்பும் கண்ணாடி இழையாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. சாதாரண நெட்வொர்க் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதால் பெரிய கடைகளில் எப்படியும் இழை தேவைப்படும்.

விலைப்புள்ளியில் எர்த் குழி, யுபிஎஸ் பேட்டரி மாற்றும் செலவு, ஜெனரேட்டருக்கு எத்தனை மணி நேர டீசல் என்றெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. சர்வருக்கு மட்டும் கண்ணாடிக் கதவு போட்ட அறை இருக்கும். அந்த அறை எந்தத் தளத்தில் என்றும் கேளுங்கள். கீழ்த்தளத்தில் வைத்துவிட்டு அடைமழையில் மோட்டார் தேடியவர்களுக்கு நான் வேலை செய்திருக்கிறேன்.


மூன்றாம் கவுன்ட்டர் எழுதியது:

மயிலாடுதுறையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். இங்கே எல்லோரும் பில் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறீர்கள். பலசரக்கில் ஒரே இடத்தில் பொருளை ஸ்கேன் செய்து, பணம் வாங்கி, பையில் போட்டுக் கொடுத்துவிடலாம். ஜவுளியில் அப்படி இல்லை. புடவை இரண்டாவது மாடியில் எடுப்பார்கள். அங்கேயே பில் போட்டு, துணியைக் கூடையில் கீழே அனுப்புவோம். பணம் கட்டுவது தரைத்தளக் காசாளரிடம். முத்திரை குத்திய பில்லைக் காட்டிப் பொருளைப் பெறுவது வாசல் பக்கம். மூன்று இடத்தில் மூன்று பேர் அதே பில்லைத் திரையில் பார்க்க வேண்டும். மாடியில் போட்ட பில் காசாளர் திரைக்கு வர அரை நிமிடம் தாமதமானால் அங்கே சண்டை தொடங்கிவிடும். முகூர்த்த நாளுக்கு முன்பு ஒரு குடும்பத்தில் பதினைந்து பேர் வருவார்கள். நான்கு மாடியிலும் நான்கு பில் இருக்கும். அத்தனையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பார்கள்.

வரிசை நகராததற்கு நான் பார்த்த காரணங்களையும் எழுதிவிடுகிறேன்: லேபிள் கிழிந்திருக்கும், லேபிள் விலையும் திரை விலையும் வேறாக இருக்கும், யுபிஐ பணம் போனதா இல்லையா என்று இரு தரப்பும் கைப்பேசியை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்போம். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யுபிஐ தடுமாறியது நினைவிருக்கும். சித்திரை முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை. எந்த சர்வரும் அதைச் சரிசெய்திருக்காது. காசாளரிடம் சில்லறை இருந்ததா என்பதுதான் அன்றைக்குக் கேள்வி.


தரவுத்தச்சன் எழுதியது:

மூன்றாம் கவுன்ட்டர் அக்கா எழுதியதைத்தான் விலைப்புள்ளி போட்டவர் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

பலசரக்கு அங்காடியில் ஒவ்வொரு கவுன்ட்டர் கணினியும் விலைப்பட்டியலின் நகலைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், இணைப்பு முழுவதும் அறுந்தாலும் தனியாக நின்று பில் போடும். இணைப்பு வந்ததும் அனுப்பிவிடும். ஜவுளியில் அது நடக்காது. மாடியும் காசாளரும் வாசலும் ஒன்றோடொன்று பேச நடுவில் ஒன்று வேண்டும். அது மும்பையில் இருந்தால் இரண்டாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு வரும் செய்தி மும்பை போய்த் திரும்பும். சாலையில் எவரோ பள்ளம் தோண்டினால் வரவே வராது. அதனால் கடைக்குள்ளேயே ஒரு சிறு சர்வர் வேண்டும். தலைமை அலுவலகத்தில் ரேக் வைத்தாலும் பட்டுக்கோட்டைக் கடைக்கு இதே சிக்கல்தான். கும்பகோணமும் அங்கிருந்து பார்த்தால் தூரம்தான். விலைப்புள்ளியில் உள்ள ஆறு சர்வரில் ஒன்றுகூடக் கடைக்குப் போகவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

அமெரிக்காவில் சிக்-ஃபில்-ஏ என்ற கோழி உணவக நிறுவனம் இதைத்தான் செய்தது. ஒவ்வொரு உணவகத்திலும் உள்ளங்கை அளவுக் கணினிகள் மூன்று. ஒன்று போனால் மற்றவை ஏற்றுக்கொள்ளும். இணையம் போனாலும் அடுப்பும் கல்லாவும் நிற்காது. நமக்கு மூன்று வேண்டாம், இரண்டு போதும். ஒன்றில் எழுதுவது உடனுக்குடன் மற்றதிலும் எழுதப்பட வேண்டும்.


குடந்தைக் கணக்கர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விற்பனையாளரிடம் கேட்டேன். சேமிப்புப் பெட்டி அவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், எல்லாக் கடைகளின் கேமராப் பதிவுகளையும் கும்பகோணத்துக்கே கொண்டுவந்து சேமிப்பதாம். மொத்தம் 200 கேமரா. இதை அவர் முதல் சந்திப்பில் சொல்லவே இல்லை.

வால்மார்ட் விஷயத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள். மருமகன் அந்தப் பெயரை விடுவதாக இல்லை.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

பூனை வெளியே வந்துவிட்டது. இரண்டு மெகாபிக்சல் கேமரா, நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் நாளுக்கு 21.6 ஜிபி. 200 கேமராவுக்கு நாளுக்கு 4.3 டிபி (டெராபைட், ஆயிரம் ஜிபி). முப்பது நாள் வைத்திருக்க 130 டிபி. தம்பி சொன்ன எட்டு வருடப் பில் கணக்கைப் போல ஆயிரம் மடங்கு. வியாபாரத்துக்கென்று சொல்லி வாங்கப்போகும் சேமிப்பில் பெரும்பகுதி ஆளில்லாத படிக்கட்டையும் அடைத்த ஷட்டரையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

கேமராப் பதிவு அந்தந்தக் கடையிலேயே இருக்கட்டும். கேமராவுக்கென்றே விற்கும் ஹார்டு டிஸ்க் போட்ட பதிவுப் பெட்டி போதும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்ய வைத்தால் இன்னும் குறையும். காசாளர் மேசைக்கு மேல் உள்ள கேமராவுக்கு மட்டும் நாள் கூட்டுங்கள். கேமரா நெட்வொர்க்கும் பில் நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்கட்டும். நான் பார்த்த கடைகள் பலவற்றில் கேமராவின் கடவுச்சொல் பெட்டியில் அச்சிட்டு வந்த அதே கடவுச்சொல்தான்.


தரவுத்தச்சன் எழுதியது:

வால்மார்ட் பற்றி. அவர்கள் 1987இல் கடைகளையெல்லாம் இணைக்கும் சொந்தச் செயற்கைக்கோள் வலையமைப்பை முடித்தார்கள். அன்று அமெரிக்காவில் தனியார் வைத்திருந்தவற்றில் அதுவே பெரியது. அவர்களுடைய கடைகள் பெரும்பாலும் சிற்றூர்களில் இருந்தன. தகவல் தொடர்புக்குத்தான் முதலில் கொட்டினார்கள். டெராடேட்டா நிறுவனத்தின் தரவுக் கிடங்கு அவர்களிடம் ஒரு டெராபைட்டைத் தொட்டது 1992இல். அன்றைக்கு அது உலகச் செய்தி. இன்றைக்கு அந்த ஒரு டெராபைட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகாமகக் குளத்தைச் சுற்றி வரலாம். மருமகனிடம் சொல்லுங்கள்: 1992 வால்மார்ட்டின் கிடங்கு அளவுக்குப் பில் சேர உங்களுக்கு இன்னும் அறுபது வருடம் இருக்கிறது.

அவர்களிடம் கற்க வேண்டியது வேறு. 1991இல் ரீடெய்ல் லிங்க் என்ற ஏற்பாட்டில் சரக்குக் கொடுப்பவர்களுக்கே விற்பனைக் கணக்கைத் திறந்து காட்டினார்கள். எந்தக் கடையில் எந்தப் பொருள் எவ்வளவு போனது என்பதை உற்பத்தியாளரே பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் எத்தனை முதலாளிகள் அதற்கு ஒப்புவார்கள்?


துணிக்கட்டு எழுதியது:

ஒருவரும் ஒப்ப மாட்டார்கள். கொள்முதல் விலையை லேபிளில் ரகசிய எழுத்தில் போடும் வழக்கமே இன்னும் போகவில்லை. நான் ஜவுளிக் கொள்முதலில் இருப்பவன். கணினிக்காரர்கள் இதுவரை தொடாத இடத்துக்கு வருகிறேன்.

பார்கோடு முதன்முதலில் கடையில் ஸ்கேன் செய்யப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, ஒஹையோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின்மீது. லட்சம் பொட்டலத்துக்கும் ஒரே எண். அது சூயிங்கத்துக்குச் சரி. திருபுவனம் பட்டு பத்து வாங்கினால் பத்தும் வேறு: கரை வேறு, முந்தி வேறு, சரிகை எடை வேறு, விலையும் வேறு. ஒவ்வொன்றுக்கும் நாமே எண் கொடுத்து நாமே லேபிள் ஒட்ட வேண்டும். பலசரக்கில் சில ஆயிரம் பொருள் எண்களோடு காலம் தள்ளலாம். ஜவுளியில் ஒவ்வொரு லாரி வந்து இறங்கும்போதும் புதிய எண்கள் பிறக்கின்றன. விற்றதும் அந்த எண்ணுக்கு வேலை முடிந்தது. பாத்திரத்தில் இன்னொரு கூத்து: பித்தளையை எடைக்கு விற்பீர்கள், எவர்சில்வரை எண்ணிக்கைக்கு விற்பீர்கள், சீர்வரிசைத் தொகுப்பில் இரண்டும் கலந்திருக்கும்.

ஆறு ஊரையும் ஒன்றாக்கும்போது வெடிக்கப்போவது இந்தப் பொருள் பட்டியல்தான். மன்னார்குடியில் "காட்டன் சேலை" என்று இருப்பது தஞ்சாவூரில் "பருத்திப் புடவை 5.5" என்று இருக்கும். அமெரிக்காவின் டார்கெட் என்ற கடைத்தொடர் நிறுவனம் 2013இல் கனடாவுக்குப் போனது, 133 கடைகள். 2015 ஜனவரியில் மூடுவதாக அறிவித்துவிட்டது. காரணங்கள் பல. ஆனால் பொருள் பட்டியலில் அளவுகளும் அலகுகளும் தாறுமாறாக ஏற்றப்பட்டிருந்ததால் கிடங்கு நிரம்பி வழிய, கடை அலமாரி காலியாகக் கிடந்தது. ஜெர்மனியின் லிடில் என்ற பலசரக்குக் கடைத்தொடர் 2018இல் ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவழித்த ஒரு மென்பொருள் திட்டத்தைக் கைவிட்டது. அவர்கள் சரக்கைக் கொள்முதல் விலையில் கணக்கிடும் பழக்கமுள்ளவர்கள். அந்த மென்பொருளோ விற்பனை விலையில் கணக்கிடும். வழக்கத்தை மாற்ற மனமில்லாமல் மென்பொருளை வளைத்துக்கொண்டே போனார்கள்.

இந்த இரண்டு இடத்திலும் சர்வர் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. பட்டியலைச் சுத்தம் செய்ய, துணி தெரிந்த இருவரை ஆறு மாதம் உட்காரவைக்க முதலாளி சம்மதிப்பாரா என்று கேளுங்கள். அதற்குத்தான் மனசு வராது; ரேக் என்றால் திறப்பு விழாவுக்கு விளக்கேற்றலாம்.


அரசலாறு எழுதியது:

எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் நாற்பது பக்க நோட்டும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் வைத்து நடத்துகிறார். பேக்கப் அவருடைய மனைவி. யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டு தொலைந்தாலும் சொல்லிவிடுவார்.


வான்வழி எழுதியது:

சிரிக்கலாம். ஆனால் ஜிஎஸ்டி வந்த பிறகு நோட்டில் நடக்காது. ஒவ்வொரு பில்லையும் அரசின் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டியிருக்கிறதே, அதற்கு எப்போதும் இணைப்பு வேண்டாமா? கடைக்குள் சிறு பெட்டி என்ற வாதம் அங்கே அடிபட்டுவிடும்.


குடந்தைக் கணக்கர் எழுதியது:

இது என் துறை, அதனால் நானே பதில் சொல்கிறேன். நீங்கள் சொல்வது மின்-விலைப்பட்டியல். அது 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயம் என்பது சரி. ஆனால் அது ஜிஎஸ்டி பதிவு பெற்ற இன்னொரு வணிகருக்கு விற்கும்போதும் ஏற்றுமதிக்கும் மட்டும். கவுன்ட்டரில் புடவை எடுக்கும் வாடிக்கையாளரின் பில்லுக்குக் கிடையாது. நுகர்வோர் பில்லில் க்யூஆர் குறியீடு வேண்டும் என்ற விதி 500 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு. நாங்கள் அந்த அளவில் இல்லை. எங்கள் மொத்த விற்பனைப் பிரிவில் நாளுக்கு வரும் மின்-விலைப்பட்டியலை ஒரு பையன் மதியத்துக்குள் முடித்துவிடுவான்.

வரி எங்களைப் படுத்தியது வேறு இடத்தில். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு, ஒரு உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. அதற்கு முன் எல்லை 1,000 ரூபாய், மேலே 12 சதவீதம். வரி நீங்கலாக 2,700 ரூபாய் உள்ள சட்டைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் 2,430 ஆகி, வரி 18இலிருந்து 5க்கு இறங்கிவிடும். அதாவது பொருளுக்கு வரி என்று பட்டியலில் எழுதிவைத்துவிட்டுத் தூங்க முடியாது. தள்ளுபடி போன பிறகு கவுன்ட்டரில் கணக்கிட வேண்டும். பதினான்கு கடைகளில் நான்கு பதிப்பு மென்பொருள் ஓடியதால் அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு எங்களில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. புதிய ஏற்பாட்டில் விதியை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாக் கடைக்கும் போய்ச் சேர வேண்டும், போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவும் வேண்டும். இது என் நிபந்தனை.


பழைய லெட்ஜர் எழுதியது:

வங்கியில் கிளைக் கணக்குகளை மையக் கணினிக்கு மாற்றிய காலத்தில் பணியில் இருந்தவன். உங்கள் நிறுவனம் கூட்டாண்மையா, பிரைவேட் லிமிடெட்டா? கம்பெனியாக இருந்தால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும். அதை அணைத்துவைக்கும் வசதி இருக்கக்கூடாது. கணக்குகளின் நகல் தினமும் இந்தியாவுக்குள் உள்ள ஒரு சர்வரில் சேமிக்கப்பட வேண்டும். ஜிஎஸ்டி பதிவேடுகளை ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கணக்காண்டையும் அறிக்கைத் தேதிவரை உள்ள காலத்தையும் சேர்த்தால் எட்டு வருடத்தை நெருங்கும். விற்பனையாளர் "எட்டு வருடத் திறன்" என்று எழுதியிருந்தால் அது இங்கிருந்து வந்திருக்கும். அதற்கு 128 ஜிபி போதும் என்று தம்பி காட்டிவிட்டார்.

பேக்கப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள், திரும்ப ஏற்றுவதைப் பற்றிப் பேசுவதில்லை. மாதம் ஒரு நாள், முன்னறிவிப்பில்லாமல், கணக்கர் ஒரு பழைய தேதியைச் சொல்ல வேண்டும். "ஆவணி 12ஆம் தேதி மன்னார்குடி விற்பனையை வெற்று இயந்திரத்தில் ஏற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். திரையில் வரும் மொத்தம் உங்கள் ரொக்கப் புத்தகத்தோடும் வங்கி வரவோடும் ரூபாய் பைசா ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகும்வரை உங்களிடம் பேக்கப் இல்லை என்றே கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற கடைத்தொடர் நிறுவனத்தின் கணினிகளில் ஊடுருவல் நடந்தது. ஒப்பந்தக்காரர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து உள்ளே வந்தார்கள். இணைய வழி விற்பனை ஆறு வாரத்துக்கு மேல் நின்றது. 30 கோடி பவுண்டு அளவுக்கு லாபம் போகும் என்று அவர்களே மதிப்பிட்டார்கள். அவர்களிடம் இல்லாத சர்வரா? நம் ஊர்க் கடைகளில் மென்பொருள் கொடுத்தவர் "தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வாசலைத் திறந்துவைத்துவிட்டுப் போவார். பல வருடம் அது திறந்தே கிடக்கும். அதை இன்றைக்கே மூடுங்கள். நெட்வொர்க்கில் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க்கையும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பூட்டுவைரஸ் சேர்த்தே பூட்டிவிடும். ஒரு நகல் கழற்றிவைத்ததாக இருக்க வேண்டும்.


தரவுத்தச்சன் எழுதியது:

என் வரைவை எழுதிவிடுகிறேன். யாருக்கு எங்கே இடிக்கிறதோ சொல்லுங்கள்.

கடைக்கு இரண்டு சிறு கணினிகள், விசிறி குறைவானவை, 32 ஜிபி ராம் (வேலை நினைவகம்), நல்ல எஸ்எஸ்டி. முதல் மாடியில், கழிவறைக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ கீழே இல்லாத அறையில். இரண்டு வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு. ஒன்று இழை, இன்னொன்று சிம். இரண்டையும் ஒரே கம்பத்தில் கொண்டுவந்தால் அது ஒரே இணைப்புதான்.

தலைமைக்கு ஒரு முறையான சர்வர், 128 ஜிபி ராம். எட்டு வருடக் கணக்கு ஏறத்தாழ முழுவதும் நினைவகத்திலேயே உட்கார்ந்துவிடும். எந்த அளவு, எந்த நிறம், எந்த ஊரில் தேங்குகிறது என்று துணிக்கட்டு அண்ணன் கேட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. அதன் மாற்று தஞ்சாவூரில். ஆனால் கஜா காட்டியதுபோல ஒரு புயலுக்குக் கும்பகோணமும் தஞ்சாவூரும் ஒரே இடம். ஆகவே மூன்றாவது நகல் மும்பை அல்லது ஹைதராபாத் கிளவுடில். வான்வழி கேட்டது அங்கே கிடைத்துவிடுகிறது. இணைய விற்பனைத் தளம் வந்தால் அதுவும் அங்கேதான், கடைக் கணினிகளை நேரடியாகத் தொடாமல்.

ஒரு எச்சரிக்கை: கடை மென்பொருள் பல, மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ் என்ற இலவச டேட்டாபேஸில் ஓடுகின்றன. 2022 பதிப்பு வரை அதற்கு எல்லை 10 ஜிபி. ஒரு கடைக்கு வருடம் ஒரு ஜிபியைச் சற்றுத் தாண்டும் என்பதால் கடைக்குள் அது போதும். பழையதைத் தலைமைக்கு நகர்த்திவிட வேண்டும். தலைமையில் அது ஒரு வருடம்கூடத் தாங்காது. அங்கே போஸ்ட்கிரெஸ் போன்ற கட்டணமில்லாத வேறு டேட்டாபேஸ் ஒன்றைக் கேளுங்கள்.


வான்வழி எழுதியது:

இருபத்தெட்டுச் சிறு பெட்டிகள், பதினான்கு இடங்கள். ரேக்கில் ஆறு இருந்தபோது ஆள் இல்லை என்றேன். இப்போது முப்பது ஆகிவிட்டது. இதை யார் பார்ப்பது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.


குடந்தைக் கணக்கர் எழுதியது:

நியாயமான கேள்வி. முதலாளியிடம் பேசினேன். மும்முனையில் மூவரை நிரந்தரமாக எடுக்கச் சம்மதித்தார்: கும்பகோணம்–மயிலாடுதுறை ஒருவர், தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை ஒருவர், திருவாரூர்–மன்னார்குடி ஒருவர். ரேக்குக்குப் போகவிருந்த பணத்தில் அவர்களுடைய பல வருடச் சம்பளம் அடங்கிவிடும் என்று எண்களோடு காட்டியதும் பேச்சு எளிதாகிவிட்டது. பொருள் பட்டியலுக்கு இருவர் என்பதில் இழுக்கிறார், ஒருவருக்கு ஒப்புக்கொள்ளவைப்பேன்.

முதலாளி ஒரே பிடிவாதமாகக் கேட்பது, ஒவ்வொரு கடையின் விற்பனையும் நொடிக்கு நொடி தம் கைப்பேசியில் தெரிய வேண்டும் என்பது. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பேசி வைத்திருக்கிறேன். மருமகன் 2028 மகாமகத்தைக் காட்டிப் பெரிய சர்வர் கேட்டார். 160 கவுன்ட்டரை 220 ஆக்கினாலும் நொடிக்கு 18 பதிவு வரிதான் என்று எழுதிக் கொடுத்தேன்; அன்றைக்குக் கைப்பேசி இணைப்பு திணறினால் என்ன செய்வது என்பதற்குத்தான் ரொக்கக் காசாளர்களைக் கூட்டியிருக்கிறோம்.

விற்பனையாளர் இப்போது சொல்வது: சிறு கணினிகளுக்கு "மறுநாள் மாற்று" உத்தரவாதம் தர முடியாது, ரேக் சர்வருக்குத்தான் தருவேன்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

மறுநாள் என்று காகிதத்தில் இருக்கும். உதிரி எந்த ஊர்க் கிடங்கிலிருந்து வருகிறது, திருச்சியா, சென்னையா என்று எழுத்தில் கேளுங்கள். சிறு கணினிக்கு உத்தரவாதத்தைத் துரத்தாதீர்கள். உங்கள் மூன்று பையன்களிடமும் இரண்டிரண்டு உபரி கொடுத்துவையுங்கள். உபரியைப் பெட்டியோடு பீரோவில் பூட்டிவிடாமல், மாதம் ஒரு கடையில் ஓடுவதை எடுத்துவிட்டு அதைப் போட்டு ஒரு நாள் ஓட்ட வேண்டும். பழைய லெட்ஜர் ஐயா சொன்ன மீட்புச் சோதனையும் அதே நாளில் முடிந்துவிடும்.


மூன்றாம் கவுன்ட்டர் எழுதியது:

கணக்கர் சார், உபரி வாங்கும்போது ஸ்கேனரும் லேபிள் பிரிண்டரின் முனையும் சேருங்கள். ஆடித் தள்ளுபடியில் கணினி கெட்டு நான் பார்த்ததில்லை. ஸ்கேனர் கீழே விழுந்து இரண்டு கவுன்ட்டர் ஒன்றைப் பகிர்ந்துகொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.


குடந்தைக் கணக்கர் எழுதியது:

சேர்த்துவிட்டேன் அம்மா. மாடிக்கு ஒரு ஸ்கேனர், கடைக்கு ஒரு பிரிண்டர் முனை. புதிய விலைப்புள்ளி மூன்று இடத்திலிருந்து கேட்டிருக்கிறேன். எர்த் குழி, டீசல் மணிக்கணக்கு, உதிரிக் கிடங்கு எந்த ஊர் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாமல் வருவதைப் பிரிக்கப்போவதில்லை.